வழியையும் சுனையையும் முதலில் பாருங்கள்: கொங்கு மலைக்கோட்டைகள் குறித்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இந்தியத் தொல்லியல் துறை அலுவலர்களுக்கும், சேலம், நாமக்கல் மாவட்ட ஆட்சியர்களுக்கும், வனத்துறையினருக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் அரிவாளும் சாக்குப்பையுமாக மலையேறிச் செடி வெட்டும் தன்னார்வத் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

கல்தச்சு, சுண்ணாம்புக் கொத்துவேலை, கட்டடப் பொறியியல், நில அளவை ஆகிய தொழில்களில் இருப்பவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். சங்ககிரி துர்க்கத்திலும் நாமக்கல் மலைக்கோட்டையிலும் இனி எந்த மராமத்து எடுத்தாலும், அதன் மதிப்பீட்டை மதிலிலிருந்து தொடங்காதீர்கள். ஏறுவழியிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் தொடங்குங்கள். இதுதான் எங்கள் வேண்டுகோள். மதிலைப் பூசுவது கண்ணுக்குத் தெரியும், படமெடுக்கவும் நன்றாக இருக்கும். ஆனால் இந்தக் கோட்டைகளைக் காத்ததும் மதில் மட்டுமில்லை, இன்று இவற்றை அழிப்பதும் மதிலில் தொடங்கும் கோளாறு இல்லை.

சங்ககிரி மலை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,345 அடி உயரம். மூன்று பக்கம் ஏற முடியாத செங்குத்து, ஒரு பக்கம்தான் வழி. விசயநகரக் காலத்தில், 15-ஆம் நூற்றாண்டு வாக்கில் எழுந்த கோட்டையைப் பின்னால் வந்த மைசூர் ஆட்சியும் கும்பினியும் (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி) தத்தம் தேவைக்கு வளர்த்தன. அதனால் அடிவாரத்திலிருந்து உச்சி வரை மதிலுக்கு மேல் மதில், வாசலுக்கு மேல் வாசல் என்று அடுக்கடுக்காக நிற்கிறது. 1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி சேலம், நாமக்கல், சங்ககிரி எல்லாம் கும்பினி கைக்குப் போயின. காவிரிக்கு மேற்கே கோவைச் சீமை 1799 வரை திப்புவிடமே இருந்தது. அந்த ஏழு ஆண்டுகள் இரண்டு ஆட்சிகளின் எல்லையோரக் காவலாக நின்ற மலை இது. 1805-இல் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்ட இடமும் இதுதான். ஆடி 18-க்குக் கொங்கு நாடே வந்து வணங்கும் இடத்தில் செய்கிற வேலை, மற்ற எந்த வேலையையும்விடக் கவனமாக இருக்க வேண்டும்.

மலைக்கோட்டையின் முதல் மதில் சரிவுதான். சுவரை உடைக்கப் பீரங்கி வேண்டும். 18 ராத்தல் (பவுண்டு) குண்டு வீசும் இரும்புப் பீரங்கி ஒன்றே ஏறத்தாழ 2 டன் எடை. வண்டி, குண்டு, மருந்து எல்லாம் தனி. குறுகிய படிவழியில், வளைவுக்கு வளைவு சுட்டுக்கொண்டிருக்கும்போது, அதை ஏற்ற முடியாது. 1791 அக்டோபரில் நந்தி துர்க்கம் விழுந்ததற்குக் காரணம், கும்பினிப் படை மலையில் புதிதாக வழி வெட்டிப் பீரங்கிகளை மேலே இழுத்து மதிலில் பிளவு உண்டாக்கியதுதான். அடுத்த மாதமே கிருஷ்ணகிரியில் கும்பினித் தளபதி மேக்ஸ்வெல் தலைமையில் வந்த படை அப்படிச் செய்யவில்லை. கீழ்க்கோட்டையைப் பிடித்து, தப்பி ஓடியவர்களின் பின்னாலேயே ஓடி, மேல்வாசலை நெருங்கிவிட்டது. மேலிருந்து உருட்டிவிட்ட பாறைகள் ஏணிகளையும் ஆட்களையும் நொறுக்கின. படை திரும்ப வேண்டியதாயிற்று. மலைக்கோட்டையை எப்படிப் பிடிக்கலாம், எப்படிப் பிடிக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

இதிலிருந்து மராமத்துக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வாசலுக்கு நேர் மேலே, மதில் விளிம்போரமாக, ஒரே அளவில் குவிந்து கிடக்கும் உருளைக் கற்களை இடிபாடு என்று நினைத்து அள்ளிவிடாதீர்கள். அவை உருட்டுவதற்குச் சேர்த்து வைத்த கற்களாக இருக்கலாம். எங்கே, எத்தனை, என்ன அளவு என்று குறித்து, படமெடுத்து, அப்படியே விட்டுவிடுங்கள். சுத்தம் செய்கிறோம் என்ற நல்லெண்ணத்தில் அள்ளிப் போனால், கோட்டையின் ஆயுதச் சாலையையே அள்ளிப் போனதாக ஆகிவிடும்.

வழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மலைக்கோட்டை வாசல் பெரும்பாலும் வழிக்கு நேர் எதிரே திறப்பதில்லை. வழி மதிலை ஒட்டியே சிறிது தூரம் போய், சட்டென்று திரும்பி, அதன் பிறகுதான் கதவு வரும். யானையோ உத்தரக்கட்டையோ கொண்டு கதவை இடிக்க வேண்டுமானால் ஓடிவர நீளம் வேண்டும். அந்த நீளத்தைத்தான் திருப்பம் பறிக்கிறது. மதிலை ஒட்டி நடக்கும் நேரம் முழுவதும் ஏறுகிறவனின் விலா மேலிருப்பவனின் துப்பாக்கிக்குத் திறந்தே இருக்கும். திருப்பத்திலோ முன்னால் போகிறவனைப் பின்னால் வருகிறவனால் பார்க்க முடியாது. படிகள் ஒன்று அரை அடி, அடுத்தது முக்கால் அடி என்று ஒழுங்கில்லாமல் இருந்தால், ஓடி ஏறுகிற கால் தடுமாறும். அந்த ஒழுங்கின்மையும் காவலுக்கு உதவியது.

ஆகவே திருப்பத்தை நேராக்குவதும், வாசலை அகலப்படுத்துவதும், படிகளைச் சம உயரத்துக்குக் கான்கிரீட் போட்டு மூடுவதும் கோட்டையின் காவல் அமைப்பையே எடுத்துவிடுகிற வேலை. கான்கிரீட் படியில் இன்னொரு கேடும் உண்டு. பழைய படிக்கல் ஒவ்வொன்றும் வெளிப்புறமாகச் சற்றே சாய்ந்திருக்கும். மழைநீர் படிக்குப் படி ஓரத்துக்கு ஒதுங்கிப் பாறையில் இறங்கிவிடும். மேலே மூன்று அங்குலம் கான்கிரீட் போட்டால் நீர் ஒதுங்க இடமில்லாமல் படிவழியே ஓடையாகும், அல்லது கான்கிரீட்டுக்கும் கல்லுக்கும் நடுவே புகுந்து அடிமண்ணை அரிக்கும். சில மழைக்காலம் போனால் கான்கிரீட் பலகை பொள்ளலாகி உடையும், உடையும்போது பழைய கல்லையும் சேர்த்துப் பெயர்க்கும். அசைகிற படியைத் தூக்கி, அடியில் சிறுகல் சரியாக ஆப்பு வைத்து, பழைய சாய்வு மாறாமல் உட்கார வைத்தாலே போதும்.

கைப்பிடிக் கம்பி வேண்டும் என்பதை மறுக்கவில்லை. வயதானவர்களும் குழந்தைகளும் ஏறுகிற மலை. ஆனால் வாசல் நிலைக்கல்லில் துளை போட்டுச் சாதாரண இரும்புக் கம்பியைச் சிமென்ட்டில் நட்டால், துருப்பிடித்த இரும்பு பருத்துக் கல்லை உள்ளிருந்தே பிளக்கும். நிலைக்கல் பிளந்தால் மேலே உள்ள உத்தரக்கல் சரியும். கம்பியைத் தனியாகச் செதுக்கிய அடிக்கல்லில் துருப்பிடிக்காத எஃகில் நட்டு, அடிக்கல்லை வழியோரம் உட்கார வைக்கலாம். பழைய கல்லில் ஒரு துளையும் வேண்டாம். ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் எத்தனை ஆழம் வேண்டுமானாலும் பாறையைத் துளைக்கும். அந்தத் திறமைக்குக் கோட்டையில் வேலையில்லை.

வாசலில் பார்க்க வேண்டிய உறுப்புகள் சில. கதவின் குடுமி சுழன்ற குழி கீழ்க்கல்லில் இருக்கும், மேலே அதற்கு இணையான துளை இருக்கும். பக்கச் சுவர்களில் சதுரமாக ஆழமான பொந்துகள் எதிரெதிரே இருந்தால், அவை கணைய மரம் (கதவுக்குப் பின்னால் குறுக்கே போடும் தாழ்மரம்) செருகிய துளைகள். ஒரு பக்கத் துளை கதவின் அகலத்துக்கு ஆழமாகவும் மறுபக்கத் துளை ஒரு சாண் ஆழமாகவும் இருந்தால், மரம் முழுவதும் ஒரு சுவருக்குள் சறுக்கி மறைந்து, தேவைப்படும்போது வெளியே இழுக்கப்பட்டது என்று பொருள். கொத்தனார்கள் இவற்றை வெறும் ஓட்டை என்று கல்லும் காரையும் வைத்து அடைத்துவிடுவது வழக்கம். மதில் தலையில் இருக்கும் துப்பாக்கிப் புழைகளுக்கும் இதே கதிதான். வெளியே குறுகி உள்ளே அகன்று, கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும் அந்தப் புழை, நின்றவாறே சரிவில் ஏறுகிறவனைக் குறிவைக்கச் செய்தது. சில நேராகவும் சில இடமும் வலமும் சாய்ந்தும் இருக்கும். பக்கத்துப் புழைகளின் பார்வை ஒன்றை ஒன்று வெட்டும். ஒன்றை அடைத்தால் கீழே ஒரு துண்டு நிலம் யார் பார்வையிலும் படாது. ஆகவே ஒவ்வொரு புழையின் உள்ளகலம், வெளியகலம், சாய்வு, எந்த இடத்தைப் பார்க்கிறது என்ற நான்கையும் வேலை தொடங்கும் முன் பதிவு செய்ய வேண்டும்.

புழைகள் ஏன் அவ்வளவு முக்கியம்? மலையுச்சிப் பீரங்கிக்கு ஒரு குறை உண்டு. வாயைக் கீழே சாய்த்தால் குண்டு உருண்டு வெளியே வரும். குண்டுக்கு மேலும் அடைப்பு வைத்துத்தான் சுட வேண்டும். மேலிருந்து பாய்கிற குண்டு விழுந்த இடத்திலேயே புதைந்துவிடும். சமவெளியில் போலத் தத்தித் தத்தி வரிசையாக ஆட்களை வீழ்த்தாது. மதிலின் காலடியிலோ பீரங்கியால் ஒன்றுமே செய்ய முடியாது. அந்த இடத்தைத் துப்பாக்கிப் புழையும் உருட்டுக்கல்லும் கொத்தளத்தின் பக்கவாட்டுச் சூடும்தான் பார்த்துக்கொண்டன. கொத்தளம் மதிலை விட்டு வெளியே பிதுங்கி நிற்பதே, இரு பக்க மதிலின் அடியையும் அதிலிருந்து பார்க்கத்தான்.

கடலோரக் குன்றுக் கோட்டையை இதோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக நம்மூர்க் குடும்பங்கள் பலவும் சுற்றிப்பார்க்கப் போகிற காசர்கோட்டுப் பேக்கல் கோட்டையை எடுத்துக்கொள்வோம். கேளடி அரசர் சிவப்ப நாயக்கர் 1650 வாக்கில் கட்டியது, பின்னர் ஐதரிடமும் திப்புவிடமும் வந்தது. சுமார் 40 ஏக்கர், கடல் மட்டத்திலிருந்து சுமார் 130 அடி உயரம், பெரும்பகுதியைக் கடல் சூழ்ந்திருக்கும். அதன் வெளிமதிலில் புழைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன: மேலடுக்கு தொலைவுக்கு, நடு அடுக்கு நெருங்கி வருவதற்கு, கீழடுக்கு மதிலடிக்கு வந்துவிட்டவனுக்கு. கப்பல் ஒரே நேரத்தில் பல பீரங்கிகளோடு வரும், எடை அதற்குப் பொருட்டில்லை. அதனால் கடற்கோட்டைக்குத் தொலைவைப் பார்க்கும் கோபுரமும், அடுக்குப் புழைகளும், நீண்ட மதிலும் வேண்டும். சங்ககிரிக்கு வருகிறவன் கால்நடையாகத்தான் வர வேண்டும், ஒரே பக்கம்தான் வர வேண்டும். இங்கே நீண்ட மதிலைவிட ஒரே வழியில் அடுத்தடுத்து வாசல்கள்தான் தேவை. ஒரு வாசல் விழுந்தால் அடுத்த வாசல் வரை உள்ள இடம் முழுவதும் ஏறினவனுக்குப் பொறியாகிவிடும்.

கட்டுமானப் பொருளும் வேறு. பேக்கல் செம்புரைக்கல், வெட்டும்போது மென்மை, காற்றுப்பட இறுகும், உப்புக்காற்று அதை அரிக்கும். கடலோரத்தில் சுண்ணாம்பு சிப்பியிலிருந்து வரும். நம்முடையது கருங்கல், நம் சுண்ணாம்பு கல்லில் சுட்டது. அங்கே உப்பு எதிரி, இங்கே வெயிலும் மழைநீரும் வேரும் எதிரி. ஆகவே கடற்கோட்டைக்கு எழுதிய மராமத்து மதிப்பீட்டை ஊர்ப்பெயர் மாற்றி இங்கே கொண்டுவர முடியாது. விளக்கப் பலகைகளும் அப்படித்தான். ‘இது மதில், இது கொத்தளம்’ என்று பொதுவாக எழுதினால் போதாது. இந்த வாசல் ஏன் இங்கே திரும்புகிறது என்பதைத் தமிழில், ஒரு கோட்டுப் படத்தோடு, அந்தந்தத் திருப்பத்திலேயே சொல்ல வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் அப்போதுதான் கோட்டையைப் படிப்பார்கள்.

நாமக்கல் இன்னொரு வகை. ஊர் நடுவே ஏறத்தாழ 65 மீட்டர் உயரத்தில் ஒற்றைப் பாறை; அதன் தலையில் கோட்டை. 1768-இல் கும்பினித் தளபதி வுட் பிடித்தார், அந்த ஆண்டு முடிவதற்குள் ஐதர் மீட்டுக்கொண்டார். அதன் மதில் செதுக்கிய கற்களைக் காரையில்லாமல் அடுக்கியது. எடையும் பொருத்தமுமே பிடிப்பு. மேலே உள்ள கைப்பிடிச் சுவருக்குத்தான் காரை. இந்த மதிலில் கல்லிடுக்குகளைப் பூசி அடைப்பதைப் போலக் கெடுதல் வேறில்லை. இடுக்கு வழியாகத்தான் உள்ளே இறங்கிய மழைநீர் வெளியேறுகிறது. அதை அடைத்தால் நீர் உள்ளே தேங்கும், பின்னால் உள்ள மண் ஊறிப் பருக்கும், கல் வரிசை வெளியே தள்ளும். அடியிலோ பேருந்தும் கடைவீதியும். ஒரு கல் பெயர்ந்து உருண்டாலும் நேரே ஊருக்குள்தான். அங்கே செய்ய வேண்டியது இடுக்கில் முளைத்த செடியை அகற்றுவதும், கைப்பிடிச் சுவரின் தளர்ந்த கற்களை மட்டும் சுண்ணாம்பில் மறுபடி அமர்த்துவதும்தான்.

பாறை மேல் மதில் எப்படி நிற்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் மறுகட்டுமானத்தில் தவறு இங்கேதான் நடக்கிறது. மலைமேல் அஸ்திவாரக் குழி கிடையாது. பாறைச் சரிவில் படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படியிலும் கல்லைத் தட்டையாக உட்கார வைப்பார்கள். வரிசைகள் எப்போதும் நீர்மட்டத்துக்குக் கிடையாக இருக்கும். இடிந்த பகுதியைக் கட்டுகிற கொத்தனார் சரிவுக்கு இணையாக வரிசை வைத்தால், பார்வைக்குச் சரிவோடு ஒட்டி அழகாக இருக்கும். ஆனால் கல் எல்லாம் இறக்கம் நோக்கிச் சறுக்கும். அடுத்தது, மதிலின் இரண்டு முகமும் பெருங்கல், நடுவே மண்ணும் சிறுகல்லும். இரண்டு முகங்களையும் கட்டிப் பிடிப்பவை, சுவருக்குள் நீளவாக்கில் புகுந்திருக்கும் கற்கள். மறுகட்டுமானத்தில் நீளக்கல்லைத் தவிர்த்து, முகத்தில் மட்டும் மெல்லிய கல்லை ஒட்டினால், அது மேலே போட்ட சட்டை மாதிரி. உள்ளே உள்ள மண் ஊறும்போது தனியாகக் கழன்று விழும். எத்தனை அடிக்கு ஒரு நீளக்கல் இருக்கிறது என்று பக்கத்தில் நிற்கும் பழைய மதிலில் எண்ணிப் பார்த்து, அதே எண்ணிக்கையில் வையுங்கள்.

மதில் வயிறு தள்ளியிருந்தால் அது இன்றைக்கும் நகர்கிறதா, எப்போதோ நகர்ந்து நின்றுவிட்டதா என்று முதலில் அறிய வேண்டும். விரிசலின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரு முனையிலும் சாந்து வைத்து ஒட்டி, தேதி குறித்து விடுங்கள். ஒரு மழைக்காலம் முழுவதும் உடையாமல் இருந்தால் அவசரமில்லை. உடைந்தால் மேலே நீர் எங்கே நுழைகிறது என்று தேட வேண்டும். பெரும்பாலும் மதிலின் தலைதான். தலைப்பூச்சு போய், மண் தெரிந்து, புல் முளைத்திருக்கும். சுண்ணாம்புக் கான்கிரீட்டில் வெளிப்புறம் நோக்கிச் சாய்வு வைத்துத் தலையை மூடினால் நோயின் பாதி தீரும். மீதிப் பாதி, மதிலடியில் அடைபட்டுக் கிடக்கும் நீர்ப்போக்குத் துளைகளைத் திறப்பது. இந்த இரண்டையும் செய்யாமல் முகத்தைப் பூசுவது, பணத்தைச் சரிவில் கொட்டுவதுதான்.

சிமென்ட் வேண்டாம் என்று சொன்னால், சங்ககிரிக்காரர்கள் சிரிக்கக்கூடும். சிமென்ட் ஆலையும் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் உள்ள ஊர். ஆனால் பழைய மதிலுக்குச் சிமென்ட் மிகக் கடினம். வெயிலில் கருங்கல் விரியும், இரவில் சுருங்கும். சுண்ணாம்புக் காரை அதோடு சற்று இசைந்து கொடுக்கும், சிமென்ட் கொடுக்காது. நீரையும் ஆவியாக விடாது. கல் விரிந்தால் சுண்ணாம்புக் காரை விட்டுக்கொடுக்கும், கல் தப்பும். சிமென்ட் விட்டுக்கொடுக்காததால் கல்லின் ஓரம் உடையும். சுண்ணாம்புக்கல் அங்கேயே கிடைக்கிறபோது நல்ல சுட்ட சுண்ணாம்பு கிடைப்பது கடினமாக இருக்கக் கூடாது. மாவட்ட நிர்வாகம் மனது வைத்தால் ஒரு சூளையும் ஒரு அரவைக் கல்லும் ஏற்பாடு செய்து தர முடியும்.

சாந்து செய்முறையை வேலைக்கு வருகிற கொத்தனார்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். சுட்ட சுண்ணாம்பை நீரில் நீற்றி, சல்லடையில் அலசி, வேகாத கட்டிகளை நீக்கிவிட வேண்டும். நீறிய சுண்ணாம்பு நீரில் மூழ்கியபடியே குறைந்தது இரண்டு வாரம் ஊறட்டும். ஊற ஊற வெண்ணெய்ப் பதம் வரும். கட்டி வேகாமல் சுவருக்குள் போனால் அங்கே நீறிப் பொருமிப் பூச்சைத் தள்ளும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டு முதல் மூன்று பங்கு மணலும் செங்கல் தூளும் சேர்த்து அரைக்கலாம். சரியான அளவு, பழைய காரையைச் சோதித்தால்தான் தெரியும். ஒரு துண்டு பழைய காரையை உலர்த்தி நிறுத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இட்டால் சுண்ணாம்பு கரைந்துபோகும், மணல் மிஞ்சும். கழுவி உலர்த்தி மறுபடி நிறுத்தால் பங்கு தெரிந்துவிடும். எம்-சாண்ட் பயன்படுத்தினால் தூசு போகக் கழுவ வேண்டும், இல்லையென்றால் காயும்போது வெடிக்கும். கடுக்காயும் பனைவெல்லமும் ஊறிய நீர் நல்லது, ஆனால் வெல்லம் கூடினால் சாந்து இறுகவே நாளாகும். பூசிய இடத்தை ஈரச் சாக்கால் மூடிப் பத்து நாளாவது காய விடக் கூடாது.

உள்ளே பொள்ளலான மதிலுக்குச் சுண்ணாம்புக் குழம்பு ஊற்றலாம். கீழ்வரிசைத் துளையில் தொடங்குங்கள். சிறிது நீர் விட்டுக் கழுவி, குழம்பை ஊற்றி, பக்கத்துத் துளையில் கசிவு தெரிந்ததும் களிமண்ணால் அடைத்து, நகருங்கள். ஒரு நாளில் ஒரு மீட்டர் உயரத்துக்கு மேல் ஏறக் கூடாது. ஏறினால் ஈரக் குழம்பின் அழுத்தமே மதிலைத் தள்ளிவிடும்.

இந்த இடத்தில் மதிப்பீடு போடுகிறவர்களிடம் ஒரு வார்த்தை. ஒரு கன மீட்டர் சாந்துக்குச் சுமார் 1.7 டன் பொருள் வேண்டும். 25 கிலோ சுமையாக வைத்தால் ஏறத்தாழ 68 சுமை, தண்ணீர் தனி. சங்ககிரி உச்சிக்கு ஒரு ஆள் ஒரு நாளில் எத்தனை நடை ஏற முடியும் என்று நீங்களே கணக்கிடுங்கள். ஏற்றுகூலியைச் சமவெளிக் கணக்கில் போட்டால், ஒப்பந்தக்காரர் வேறு வழியில்லாமல் பக்கத்தில் விழுந்து கிடக்கும் மதில் கல்லை எடுத்து உடைத்து நிரப்புவார், சாந்தில் சுண்ணாம்பைக் குறைப்பார். ஒரு மதிலைக் கட்ட இன்னொரு மதிலை உடைப்பது இப்படித்தான் நடக்கிறது. ஏற்றுகூலியைத் தனி இனமாக, உயரத்துக்கு ஏற்ப, தாராளமாக வையுங்கள்.

தன்னார்வத் தம்பி தங்கைகளே, உங்களுக்கும் சில. இவை மையத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்கள். அனுமதியில்லாமல் கைவைப்பது 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். சேதம் செய்தால் 2 ஆண்டு வரை சிறையோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. நல்ல மனதோடு செய்த சேதத்துக்கும் அதே சட்டம்தான். எனவே எழுத்தில் அனுமதி வாங்கி, துறை ஆள் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு போங்கள். உண்ணிச்செடியும் சீமைக் கருவேலமும் வழியோரத்தில் இருந்தால் வெட்டுங்கள். மதிலில் முளைத்த அரசையும் ஆலையும் இச்சியையும் பிடுங்காதீர்கள். விரல் பருமனுள்ள வேர்கூட நான்கைந்து கல்லைக் கட்டிப் பிடித்திருக்கும். இழுத்தால் கல்லும் வரும். வெறுமனே வெட்டிவிட்டாலும் பயனில்லை, முன்னைவிட வேகமாகத் தழைக்கும். அடிமரத்தை வெட்டி, வெட்டுவாயைச் சுற்றிப் பட்டையை உரித்து, துறை அனுமதித்த மருந்தை வெட்டிய உடனேயே தடவ வேண்டும். மரம் முழுதாகச் சாகும் வரை காத்திருந்து, கற்களுக்கு எண்ணிட்டுப் படமெடுத்து, பிரித்து, வேரை எடுத்து, அதே வரிசையில் அடுக்க வேண்டும். எண்ணைச் சாயத்தால் கல்லின் முகத்தில் எழுதாதீர்கள், சுண்ணக்கட்டி போதும். இதில் கடைசி வேலைகள் கொத்தனாருடையவை. உங்களுடையது அடையாளம் காட்டுவது.

இனித் தண்ணீர். முற்றுகையில் கோட்டை விழுவது பெரும்பாலும் தாகத்தால். 100 பேர், ஆளுக்கு நாளுக்கு 5 லிட்டர் என்று வைத்தால் ஆறு மாதத்துக்கு 90,000 லிட்டர். அதாவது 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள ஒரு சுனை நிறைய. ஆனால் நம் பக்கத்து வெயிலுக்கு ஆண்டில் ஒன்றரை மீட்டருக்குக் குறையாமல் நீர் ஆவியாகும். அகன்று ஆழம் குறைந்த குழி சித்திரைக்குள் வறண்டுவிடும். குறுகி ஆழமாக, பாறை நிழலில் இருப்பதுதான் கடைசி வரை கைகொடுக்கும். வரத்துக்குப் பஞ்சமில்லை. 1,000 சதுர மீட்டர் வெறும்பாறை, 700 மில்லி மீட்டர் மழை, அதில் பத்தில் ஏழு பங்கு ஓடி வருகிறது என்றால் ஏறத்தாழ 4.9 லட்சம் லிட்டர். அந்த நீரைச் சுனைக்குத் திருப்பப் பாறையில் விரலாழத்துக்கு வெட்டிய வாய்க்கால்கள் இருக்கும், சில இடங்களில் சுண்ணாம்பால் வரம்பு கட்டியிருக்கும். சுனையைத் தூர்வாரும் எல்லாரும் வாய்க்காலை மறக்கிறார்கள். வாய்க்கால் அடைபட்டால் அந்த நீர் மதிலடிக்குப் போகிறது, மதில் வயிறு தள்ளுகிறது. சுனையும் மதிலும் ஒரே நோயின் இரண்டு முனைகள். தூர்வாரும்போது கடப்பாரை பாறைத் தரையில் படக் கூடாது. அடிச்சுண்ணாம்புப் பூச்சு பெயர்ந்தால் சுனை ஒழுகும். எடுத்த சேற்றைச் சல்லடையில் அலசாமல் கொட்டாதீர்கள். ஓட்டுச்சில்லும் குண்டும் நாணயமும் அதில்தான் கிடக்கும்.

வேலைக்காலத்தையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். நிதியாண்டு முடிவை வைத்துத் திட்டமிட்டால் சுண்ணாம்பு வேலை பங்குனி வெயிலில் வந்து விழும், காய்ந்து பொரியும். சித்திரையிலிருந்து ஆனி வரை அளவும் படமும் செடி அகற்றலும். ஆடி 18-க்கு முன் வழியில் கல்லும் சாரமும் எதுவும் கிடக்கக் கூடாது. ஏறவும் இறங்கவும் ஒரே வழியென்பதால், அன்று கூட்டத்தை வாசலுக்கு வாசல் நிறுத்தி விடுங்கள்; குறுகிய திருப்பத்தில் இரண்டு பக்கக் கூட்டமும் சந்திக்கக் கூடாது. ஆவணி, புரட்டாசியில் வாய்க்காலும் நீர்த்துளைகளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எந்தக் கட்டுமானமும் வேண்டாம். அப்போது ஒரு பொறியாளர் குடையோடு மேலே நின்று, நீர் எங்கே விழுந்து எங்கே ஓடுகிறது என்று வரைபடத்தில் அம்புக்குறி போட வேண்டும். அந்த வரைபடம் இல்லாமல் மதிப்பீடு எழுதுவது இருட்டில் கல் எறிவது. மார்கழி முதல் மாசி வரைதான் சுண்ணாம்பு வேலை.

வாசல்களின் திருப்பம், புழைகளின் சாய்வு, சுனைகளின் கொள்ளளவு, வாய்க்கால் தடம் ஆகிய நான்கையும் அளந்து பதியும் வேலையை வருகிற சித்திரையில் தொடங்க உத்தரவிடுங்கள். அளவுநாடாவும் மட்டக்கோலும் எடுத்துக்கொண்டு, உங்கள் அலுவலர் முன்னிலையில், சம்பளமில்லாமல் அந்த வேலையைச் செய்து தர நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
கொங்கு நாட்டுக் கல்தச்சர்கள், சுண்ணாம்புக் கொத்தனார்கள், கட்டடப் பொறியாளர்கள், நில அளவையாளர்கள் சிலர்